குதிக்கால் வலித்தால் ஓட்டம் முடிந்துவிட்டதா?



திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் சுமார் 16 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. எதிரே புறாமலைத் தீவு, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணல், கிழக்கே கடலிலிருந்தே எழுந்து வரும் சூரியன். சுபஹ் தொழுதுவிட்டு இந்தக் கரையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் பலர். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகும் மாணவன் ஓடுகிறான். "சீனி கூடிவிட்டது, உடம்பைக் குறையுங்கள்" என்று வைத்தியர் சொன்னதால் நாற்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவரும் ஓடுகிறார். கரைவலை இழுப்பவர்களுக்கோ நடையும் ஓட்டமும் தொழிலோடு வந்தவை.

இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், ஒரு நாள் காலையில் இது நடந்திருக்கலாம். கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைக்கிறீர்கள். குதிக்காலின் அடியில் ஆணி குத்தியதுபோல ஒரு வலி! நொண்டி நொண்டி வுழூச் செய்யப் போகிறீர்கள். பத்து நிமிடத்தில் வலி தணிகிறது. "சரியாகிவிட்டது" என்று எண்ணி ஓடப் போகிறீர்கள். மறுநாள் காலையில் அதே ஆணி, இன்னும் ஆழமாக.

இந்த நிலையில் நம் மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். சில வார நோவை ஒரு வருட நோவாக மாற்றிக்கொள்வார்கள். வேறு சிலர் "இனி ஓட்டமே வேண்டாம்" என்று சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடுவார்கள். சில மாதங்களில் நிறை கூடும், சீனி ஏறும், பிரஷரும் ஏறும். குதிக்காலைக் காப்பாற்றப் போய் இதயத்தைப் பறிகொடுப்பது புத்திசாலித்தனமா?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பொறுமை வேண்டும், ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. அந்த வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உள்ளங்காலில் என்ன நடக்கிறது?

உங்கள் பாதத்தை ஒரு வில்லாக எண்ணிக்கொள்ளுங்கள். வளைந்த எலும்புகள் வில்லின் தண்டு. குதிக்கால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப் பட்டைதான் அதன் நாண். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் இந்த நாண் இழுபட்டு, பாதத்தின் வளைவைத் தாங்கி, விரல்களால் உந்தித் தள்ள உதவுகிறது.

ஓடும்போது ஒரு பாதத்தில் விழும் சுமை உடல் நிறையைப் போல 2 முதல் 3 மடங்கு. நிமிடத்துக்குச் சுமார் 160 அடிகள் வைக்கிறோம் என்றால், அரை மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு பாதமும் ஏறத்தாழ 2,400 தடவை அந்தச் சுமையைத் தாங்குகிறது. நாணின் பலத்துக்குள் இது நடக்கும்வரை கேடில்லை. பலத்துக்கு மிஞ்சிய வேலை கொடுத்தால், குதிக்கால் எலும்பில் அது பொருந்தும் இடத்தில் நார்கள் நைந்து நோவெடுக்கின்றன. நம் ஊர்களில் குதிவாதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

காலையில் மட்டும் ஏன் அவ்வளவு வலி? உறங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கிக் கிடக்கிறது. நாண் சுருங்கிய நிலையிலேயே இரவெல்லாம் இருந்துவிடுகிறது. விடியற்காலையில் முழு உடல் நிறையையும் திடீரென்று அதன்மேல் வைக்கும்போது அது வெடுக்கென்று இழுபடுகிறது. நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்பும்போதும் இதே கதைதான். நடக்க நடக்க நாண் இளகுவதால் வலி குறைகிறதே தவிர, நோய் குறையவில்லை. இந்த வேறுபாட்டை உணராததால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்து "குதிக்காலில் எலும்பு முளைத்திருக்கிறது" என்று சொன்னால் கலங்கிவிடாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முளை இருக்கிறது. வலி இருந்து தணிந்தவர்களுக்கும் முளை அப்படியே இருப்பதுண்டு. உங்கள் சிகிச்சை முளைக்கல்ல, நாணுக்கு.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் ஒரே காரணம், திடீர் மாற்றம். மாதக்கணக்கில் ஓடாதவர் ஒரே வாரத்தில் ஐந்து நாள் ஓடுவார். போட்டிக்கு இன்னும் மூன்று வாரந்தான் இருக்கிறது என்று மாணவன் இருமடங்கு ஓடுவான். இதோடு வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன: கூடிய உடல் நிறை, இறுகிய கெண்டைக்கால் தசை, நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நிற்கும் வேலை, தேய்ந்து தகடான ரப்பர் செருப்பு.

நிலாவெளியில் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மணல். "மணல் மெத்தென்று இருக்கிறது, காலுக்கு நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை! அதிர்ச்சி குறைவுதான், ஆனால் உழைப்பு கூடுதல். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று காட்டியது. நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கும் மேல். குதிக்கால் மணலில் புதைய, விரல்கள் வழுக்கி வழுக்கி உந்த, அந்தக் கூடுதல் உழைப்பில் ஒரு பங்கை உள்ளங்கால் நாணும் கெண்டைக்காலும் சுமக்கின்றன. நலமாக உள்ள காலுக்கு அது நல்ல பயிற்சி. நோவெடுத்த காலுக்கு அது தண்டனை.

பையோலிக் கரையிலிருந்து ஒரு பாடம்

கடற்கரை மணலில் ஓடி உலகப் புகழ் பெற்ற ஒருவரை உங்களுக்குத் தெரியும். கேரளத்தின் பையோலியைச் சேர்ந்த பி.டி.உஷா. பயிற்சியாளர் ஓ.எம்.நம்பியார் அவரைப் பையோலிக் கடற்கரையில் ஓடவிட்டே உருவாக்கினார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் 55.42 வினாடியில் ஓடி, வினாடியின் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் 4 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார்.

அப்படிப்பட்ட உஷாவையே 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு முன் குதிக்கால் காயம் பிடித்துக்கொண்டது. காயத்தோடு ஓடினார், முதற்சுற்றைக்கூடத் தாண்ட முடியவில்லை. "உஷாவின் காலம் முடிந்துவிட்டது" என்று பேசப்பட்டது. ஆனால், மறு ஆண்டே, 1989இல், டில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 4 தங்கமும் 2 வெள்ளியும் வென்று எழுந்து நின்றார். அதோடு நிற்கவில்லை. திருமணமாகி, தாயாகி, ஓட்டத்தை விட்டு விலகிய பின் மீண்டும் வந்து, 1998இல் ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரில் நடந்த ஆசியப் போட்டியில், 34ஆம் வயதில், 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் வெண்கலம் பெற்றார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஒலிம்பிக் வீராங்கனைக்கே காயத்தோடு ஓடிப் பயன் கிட்டவில்லை. ஆனால், காயம் ஓட்டத்தின் முடிவும் அல்ல. காலம் கொடுத்தவருக்குக் கால் திரும்பக் கிடைக்கிறது.

மூச்சு முந்தும், பாதம் பிந்தும்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள்.

ஓட்டத்தை நிறுத்தினால் மூச்சுப் பலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கோயில் 1984இல் அளந்து காட்டினார். நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முற்றாக நிறுத்தியபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதல் மூன்று வாரங்களில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரங்களுக்குப் பின் சுமார் 16 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றது. ஆக, "எல்லாம் போய்விட்டது" என்று நீங்கள் அஞ்சுமளவுக்கு எல்லாம் போய்விடுவதில்லை.

போனதும் திரும்பி வரும். இதயமும் இரத்தமும் சில வாரங்களில் பழைய நிலையை நோக்கி விரைகின்றன. ஆனால், நாண் போன்ற நார்த் திசுக்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை பலம் பெற மாதங்கள் ஆகும். இங்கேதான் பொறி இருக்கிறது! மூன்றாம் வாரத்தில் மூச்சு இலேசாகிறது. "இன்னும் ஓடலாம்" என்று நெஞ்சு சொல்கிறது. பாதமோ இன்னும் தயாராகவில்லை. நெஞ்சின் சொல்லைக் கேட்டு ஓடியவர் நான்காம் வாரத்தில் மீண்டும் நொண்டுகிறார்.

எனவே, மூச்சு அனுமதிக்கும் அளவுக்கு ஓடாதீர்கள். பாதம் அனுமதிக்கும் அளவுக்கு ஓடுங்கள்.

கட்டிலை விட்டு இறங்குமுன்

சுபஹுக்கு விழித்தவுடன் காலைத் தரையில் வைத்துவிடாதீர்கள். கட்டிலிலேயே உட்கார்ந்து, நோவுள்ள காலை மற்றத் தொடையின்மேல் போடுங்கள். கையால் கால்விரல்கள் ஐந்தையும் பிடித்து முன்னங்காலை நோக்கி மெல்ல மடக்குங்கள். உள்ளங்காலை மறு கையால் தடவிப் பார்த்தால் நாண் கயிறுபோல் விறைத்திருப்பது தெரியும். 10 வினாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை. நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை, முதல் அடி வைக்குமுன் என்பதுதான் முக்கியம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட குதிக்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி வெறும் கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது.

இறங்கும்போது வெறுங்காலுடன் சீமெந்தில் இறங்காமல் மெத்தென்ற செருப்பில் இறங்குங்கள். வீட்டுக்குள்ளும் சில மாதங்களுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் வலி கூடினால், சிறிய பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, துணியைச் சுற்றி, உள்ளங்காலின் கீழே ஐந்து பத்து நிமிடம் உருட்டுங்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் ஐசையும் தவிர்க்க வேண்டும், சுடுநீர் ஒத்தடத்தையும் தவிர்க்க வேண்டும். தோல் புண்ணாவது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நாணுக்குப் பலம் சேர்ப்போம்

வலியைத் தணிப்பது ஒரு பாதி. நாணைப் பலப்படுத்துவது மறு பாதி. பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

டென்மார்க்கில் மைக்கல் ரத்லெஃப் என்பவரும் அவரது குழுவினரும் செய்து 2014இல் வெளியான ஆய்வில் பயன்படுத்திய பயிற்சி இது. வீட்டுப் படியே போதும். ஒரு துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்குமாறு நோவுள்ள காலால் நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகக் குதிக்காலை உயர்த்துங்கள். உச்சியில் இரண்டு எண்ணும் நேரம் நில்லுங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள்.

தொடக்கத்தில் 12 தடவை வீதம் 3 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்துக்குப் பின், முதுகுப் பையில் சில புத்தகங்களை வைத்துச் சுமையைக் கூட்டி 10 தடவை வீதம் 4 சுற்று. நான்கு வாரத்துக்குப் பின் இன்னும் சுமை கூட்டி 8 தடவை வீதம் 5 சுற்று. ஒற்றைக் காலில் இயலாதவர்கள் இரு கால்களாலும் தொடங்கட்டும். மூன்று மாத முடிவில், வெறுமனே நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் கூடிய நலம் கண்டார்கள். ஒரு வருட முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையை அடைந்தார்கள். அதாவது, எந்த வழியிலும் நலம் வரும். பலம் சேர்த்தால் விரைவில் வரும்.

ஓடாமலே மூச்சைக் காப்பது

ஓட முடியாத வாரங்களில் மூச்சை வளர்க்க வேறு வழிகள் உண்டு. சைக்கிள் முதன்மையானது. உப்புவெளி வரை சைக்கிளில் போய் வந்தாலே நல்ல பயிற்சி. மிதிக்கும் பலகை குதிக்கால் பக்கம் அழுத்தாமல், பாதத்தின் முன்பகுதிக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கட்டும்.

நீந்தத் தெரிந்தவர்களுக்குக் கடலும் இருக்கிறது. கடல் அமைதியாக உள்ள மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், மார்பளவு நீரில் நின்ற இடத்தில் ஓடுவதுபோல் கால்களை இயக்கினால் உடல் நிறையில் பெரும் பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ஆனால், வாடைக்காற்றுக் காலத்தில் கடலில் இறங்க வேண்டாம். எந்தக் காலத்திலும் தனியாக இறங்க வேண்டாம். குதிக்கால் வலிக்கு மருந்து உண்டு. நீரோட்டம் இழுத்துச் சென்றவருக்கு இல்லை.

பத்து வாரத் திட்டம்

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். தினமும் காலையில் முதல் அடி வைத்தவுடன் வலிக்கு ஓர் எண் போடுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. இந்தக் காலை எண்தான் உங்கள் பயிற்சியாளர்.

30 நிமிடம் விரைவாக நடந்தும் வலி 3ஐத் தாண்டவில்லை, மறுநாள் காலை எண்ணும் கூடவில்லை, இந்த நிலை தொடர்ந்து ஒரு வாரம் நீடிக்கிறது என்றால் ஓடத் தொடங்கலாம். அதற்குமுன் வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு நாளும் முதலில் 5 நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றுங்கள்.

1ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை.
2ஆம் வாரம்: அதேபோல் 8 தடவை.
3ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை.
4ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 தடவை.
5ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 தடவை.
6ஆம் வாரம்: 5ஆம் வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். நெஞ்சு அவசரப்படும் வாரம் இது.
7ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 தடவை.
8ஆம் வாரம்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 தடவை.
9ஆம் வாரம்: 15 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓட்டம்.
10ஆம் வாரம்: நிற்காமல் 25 நிமிடம்.

ஓடும்போது வலி 3 வரை இருந்தால் தொடரலாம். அதைத் தாண்டினால் நடந்து வீடு திரும்புங்கள். மறுநாள் காலை எண் வழக்கத்தைவிட 2 கூடியிருந்தால் அடுத்த ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒரு வாரம் பின்னே போய் மீண்டும் தொடங்குங்கள். இது தோல்வியல்ல, பத்து வாரம் பதினான்கு வாரமானால் குடி முழுகிவிடாது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். பிறகு நாட்களைக் கூட்டுங்கள். வேகத்தைக் கடைசியாகக் கூட்டுங்கள். பக்கத்தில் எப்படியான பேச்சுத் துணை இருந்தாலும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு ஓடும் வேகமே போதும்.

ஓடுமுன் வலி மாத்திரை போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். அது காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுப்பது போன்றது.

மணலா, வீதியா?

முதல் ஆறு வாரமும் சப்பாத்தோடு, சமமான கெட்டித் தரையில் ஓடுங்கள். மைதானமோ கிரவல் ஒழுங்கையோ நல்லது. பிரதான வீதியில் ஓடுவதானால் வரும் வாகனங்களை எதிர்நோக்கும் பக்கமாக ஓடுங்கள். சப்பாத்து விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. குதிக்காலின் கீழ் மெத்தையும் பாதத்தின் நடுவில் தாங்கலும் இருந்தால் போதும். கையால் முறுக்கினால் துணிபோல முறுங்கும் பழைய சப்பாத்து உதவாது.

ஏழாம் வாரத்திலிருந்து கடற்கரைக்கு வரலாம். அலை நனைத்து இறுகிய ஈரமணலில் மட்டும் ஓடுங்கள். ஒரு கவனம்: அலையோர மணல் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். பாதித் தூரம் போய் அதே வழியில் திரும்பி வந்தால் இரண்டு கால்களும் பங்கிட்டுக்கொள்ளும். கச்சான் காற்றுக் காலத்தில் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துவிட்டு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

தொழுகை, நோன்பு, உம்றா

தொழுகையில் வலது பாதத்தை நட்டு விரல்களை மடக்கி உட்காரும்போது நாண் நன்றாக இழுபடும். சிலருக்கு இது நல்ல நீட்டலாக அமையும். வலி கடுமையாக உள்ளவர்களுக்குத் துன்பமாகும். இயலாதவர் இயன்றவாறு தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரமழானில் திட்டத்தை முன்னேற்ற வேண்டாம். இருக்கும் நிலையைக் காத்தாலே வெற்றி. நோன்பு திறந்து, இலேசாக உண்டு, தராவீஹுக்குப் பின் குறுகிய ஓட்டம் போதும். சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக் காலத்தில் பயிற்சி செய்வதற்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ நாடியிருப்பவர்கள் குதிக்கால் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை நடப்பது மட்டும் 3 கிலோமீற்றருக்கு மேல். தவாபும் தங்குமிடத்துக்கான நடையும் தனி. பளிங்குத் தரையில் வெறுங்காலுடன் நடப்பதைவிட, ஆண்கள் கணுக்காலை மூடாத மெத்தென்ற செருப்பையும் பெண்கள் நல்ல சப்பாத்தையும் பழக்கப்படுத்திக்கொண்டு போவது நல்லது. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே மேலே சொன்ன பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும்

சகோதரிகளே, குதிக்கால் வலி உங்களைத்தான் அதிகம் தேடி வருகிறது. அடுப்படியில் நிற்பதும், பிள்ளைப்பேற்றில் நிறை கூடுவதும் காரணங்கள். "ஓட்டம் ஆண்களுக்கு உரியது" என்று யாராவது சொன்னால், நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதை நினைவூட்டுங்கள். முதலில் அன்னையார் முந்தினார்கள். பின்னாளில், உடல் சற்றுச் சதைபோட்ட காலத்தில், நபியவர்கள் முந்தினார்கள். வெளியே ஓட வசதியில்லாதவர்கள் வளவுக்குள்ளேயே நிமிடக் கணக்கில் இந்தத் திட்டத்தைச் செய்யலாம். படியில் குதிக்கால் உயர்த்தும் பயிற்சிக்கு வீட்டை விட்டு வெளியேறவே தேவையில்லை.

பெற்றோரே, 8 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை விளையாடிவிட்டுக் குதிக்கால் நோகிறது என்றால் அது வேறு விடயம். வளரும் குதிக்கால் எலும்பின் முனையை இறுகிய தசை இழுப்பதால் வருவது அது. சில வாரம் ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைத்தால் தணியும். வளர்ச்சி முடிந்ததும் மறையும். "பதக்கம் எடுக்க வேண்டும்" என்று அந்தக் காலில் ஓடவிடாதீர்கள்.

வைத்தியரிடம் எப்போது?

வலி ஓட ஓடக் கூடிக்கொண்டே போனால், எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் துடித்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால் அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். வீக்கம், காய்ச்சல், விறைப்பு, எரிவு இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். இளைஞர்களுக்கு இரு குதிக்கால்களும் காலையில் நெடுநேரம் விறைத்து, முதுகும் நொந்தால் அது வாத நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குதிக்காலில் ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி பறந்துவிடும். ஆனால், திரும்பத் திரும்பப் போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயமும், குதிக்காலின் கொழுப்பு மெத்தை தேயும் அபாயமும் உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி ஏறும். ஆகவே, ஊசிக்கு ஒப்புக்கொள்ளுமுன் இவற்றை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலுடன் கடற்கரையில் ஓடக் கூடாது. சிப்பியும் கண்ணாடித் துண்டும் கீறியது தெரியாமலே போய்விடும். ஓடி வந்ததும் உள்ளங்காலைக் கழுவி, துடைத்து, ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஐவேளையும் வுழூவுக்குக் கால் கழுவும் நமக்கு, அந்தக் காலைப் பார்ப்பதற்கு ஐந்து சந்தர்ப்பங்கள் கிடைக்கின்றன!

வாசகர்களே, அறுவைச் சிகிச்சை இல்லாமலே பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இந்த வலி ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடுகிறது. ஒரு வருடம் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால், அந்த வருடம் எப்படியும் கழியத்தான் போகிறது. அதைக் கதிரையில் சாய்ந்து கழிப்பதா, கட்டில் விளிம்பில் விரல்களை மடக்கியும் வீட்டுப் படியில் குதிக்காலை உயர்த்தியும் கழிப்பதா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலை, காலைத் தரையில் வைக்குமுன், அந்தப் பத்து வினாடியில் தொடங்குங்கள்.